மூன்று மணி சபைக்கு நான் எழுதிய சட்டம்

சட்டம் வரையும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நாலு பக்கம் போதுமாம். முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய இடத்தை நாலு பக்கத்தில் அடக்கச் சொல்கிறார்களே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், எதையும் சுருங்கச் சொல்வதுதானே நம் தொழில்.

விதி எங்கே முடிய வேண்டும், உட்பிரிவு எங்கே தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. அரசாங்கத்துக்கு எழுதிய சட்டங்களைப் பற்றியும் பேசப்போவதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, டெல்லியில் ஒரு சின்னத் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு ஒரு புதிய அமைப்புச் சட்டம் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் பன்னிரண்டு பக்கம். என் வாழ்நாளில் எழுதிய சட்டங்களில் சின்னது அதுதான். நான் செய்த தப்புகளில் பெரியதும் அதற்குள்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது டெல்லி துவாரகாவில் எங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். ஜனவரி வெயில். மதியம் ஒரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விடும் வெயில் இது. கம்பளியை முழங்கால்வரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடினால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில்தான் என் ஆட்கள் வருவார்கள். யார் அந்த ஆட்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மேலதிகாரி ஒரு பஞ்சாபி அம்மையார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வரைவைக் கொண்டுபோய் நீட்டினால் உடனே படிக்கமாட்டார். "யே சப் டீக் ஹை. இஸ்மே கிஸீ கோ சலா கே தேக்கா?" என்பார். எல்லாம் சரி, இதற்குள்ளே யாரையாவது நடக்கவிட்டுப் பார்த்தாயா என்று அர்த்தம். தெரிந்த ஒரு ஆளை நினைத்துக்கொள்ள வேண்டும். அவரை விதியின் வாசலில் நிறுத்தி, உள்ளே நடக்கவிட வேண்டும். எங்கே முட்டிக்கொள்கிறார், எங்கே நழுவி ஓடுகிறார் என்று பார்க்க வேண்டும். ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும் என்பார். உனக்கு ஆகாத ஒருவர், அவர் தப்பிக்கிறாரா என்று பார்க்க. உனக்கு உயிரான ஒருவர், அவர் மாட்டிக்கொள்கிறாரா என்று பார்க்க.

ஒருமுறை, ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தரம் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி வரைந்து எடுத்துப்போனேன். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆனது. தூங்கிவிட்டாரோ என்று நான் மெல்ல நாற்காலியை நகர்த்தியபோது கண்ணைத் திறந்தார். "என் சித்தி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்" என்று இந்தியில் சொல்லி, அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். அவருடைய சித்தி ஆறு வருடமாகப் படுத்த படுக்கை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குத் தொற்றிய பழக்கம் இன்னும் விடவில்லை. கண்ணை மூடினால் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு விதிக்குள் நடந்துகொண்டிருப்பார். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவுகள். பல கதவுகள் நான் வைத்தவை. ஓய்வுபெற்றும் இந்த நடமாட்டம் நிற்கவில்லை. "உங்களுக்குச் சம்பளம் நின்னு போச்சு, வேல நிக்கல" என்பாள் என் மனைவி ஹெலன்.

சபைக்கு வருகிறேன். எங்களுக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பழைய கோயிலில் காலையில் ஆங்கில ஆராதனை நடக்கும், அப்புறம் இந்தி, இரண்டும் முடிந்து மத்தியானம் மூன்று மணிக்குத் தமிழ். அதனால் எங்களுக்கு 'மூணு மணிக்காரங்க' என்றே பெயர். பாளையங்கோட்டைக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள், சேலம், விழுப்புரம் என்று எல்லா ஊரும் உண்டு. அதிகாரிகள், செவிலியர், கம்ப்யூட்டர் பிள்ளைகள், வீட்டு வேலை செய்கிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவோம். ஆனால் அதிகாரிகள் முன்வரிசையில் இருப்போம், குடிசைப் பகுதியிலிருந்து வருகிறவர்கள் கதவோரம் இருப்பார்கள். யாரும் யாரையும் அப்படி உட்காரச் சொன்னதில்லை.

இரண்டு பக்கம் டைப் அடித்த பழைய விதிகளோடு சபை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இடம் கொடுத்தவர்கள், பதிவு செய்த அமைப்பாக இருந்தால்தான் இனி கோயிலில் இடம் என்று சொல்லிவிட்டார்கள். பதிவு செய்ய முறையான சட்டம் வேண்டும். எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் இருந்தவரை என் விசுவாசத்தை வரைவுக்குள் வர விட்டதில்லை. குடிமகனாக நாற்காலியில் உட்கார்வேன், கிறிஸ்தவனாக வீட்டுக்குப் போவேன். குடி, விவாகரத்து, யாரோடு யார் வாழ்வது, எதைப் பற்றியும் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. ஆனால் நாட்டுக்கு எழுதும்போது அது என் அபிப்பிராயம், அவ்வளவுதான். இப்போது சபைக்கென்று எழுத உட்கார்ந்ததும், அத்தனை வருடம் கட்டிப்போட்டிருந்த கை அவிழ்ந்துகொண்டது. 'ஒழுக்கம்' என்று ஓர் அத்தியாயத்தை ஆசை ஆசையாகத் தொடங்கினேன்.

எல்லாருடைய கருத்தையும் கேட்க வேண்டும் என்று கோயில் வாசலில் ஒரு பெட்டி வைத்தோம். சீட்டுகள் வந்தன. குடிக்கிறவர்களுக்குப் பதவி கூடாது என்று ஒருவர். குடியை விட்டவர்களுக்குப் பதவி கொடுத்தே ஆக வேண்டும் என்று இன்னொருவர், யாரென்று எல்லாருக்கும் தெரியும். பிற மதத்தில் பெண் எடுத்தால் என்ன செய்வது என்று ஒரு தகப்பன். பாட்டு முடிந்த பிறகு வருகிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கிடையாது என்று விதி போடச் சொல்லி ஒரு அக்காள். ஒரு சீட்டு மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருந்தது. டெல்லியில் பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். 'கல்யாணம் ஆகாதவங்க, ஆக முடியாதவங்க, ஆகப் பயப்படறவங்க மூணு பேரும் ஒண்ணு இல்ல. எழுதறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எழுதுங்க.' கீழே பெயர் இல்லை. பெயரில்லாத மனுவைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அலுவலக வழக்கம். அதைத் தனியாக ஒரு உறையில் போட்டு வைத்தேன்.

அந்த அத்தியாயத்தில் ஏழாவது விதிதான் என் பெருமைக்குரிய விதி. திருமணம் செய்துகொள்ளாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழும் எந்த உறுப்பினரும் நன்னிலை உறுப்பினர் அல்லர், அவருக்குச் சபையின் கடிதமோ சான்றோ வழங்கப்படமாட்டாது என்று எழுதினேன். பழக்கத்தின்படி கண்ணை மூடி ஒரு ஆளை நடக்கவிட்டேன். சபையில் கிறிஸ்டோபர் என்று ஒரு கட்டட கான்ட்ராக்டர். வீட்டில் மனைவி இருக்க, காசியாபாத்தில் இன்னொரு குடித்தனம் என்று ஊரே பேசும். முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார், செண்டு வாசனை மூக்கைத் துளைக்கும். எனக்கு ஆகாதவர். விதியின் இரண்டாவது அடியிலேயே மனுஷன் மாட்டிக்கொண்டார். எனக்குப் பரம திருப்தி. கண்ணைத் திறந்துவிட்டேன்.

இரண்டாவது ஆளை நடக்கவிடவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு உயிரானவர்கள் இந்த விதியின் பக்கமே வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இன்னொன்றும் செய்தேன். எல்லாச் சட்டத்தின் கடைசியிலும், நடைமுறையில் சிக்கல் வந்தால் அதை நீக்க இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு விதி வைப்போம், நீங்களும் வைப்பீர்கள். என் சட்டத்தில் சிக்கலே வராது என்று அதை எடுத்துவிட்டேன்.

அக்டோபரில் பொதுச்சபை கூடியது. ஒவ்வொரு விதியாக வாசித்துக் கை தூக்கச் சொன்னார்கள். ஏழாவது விதி வந்தபோது கதவோரமிருந்து ஸ்டெல்லா எழுந்தாள். ஸ்டெல்லாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். விழுப்புரத்துப் பக்கம். மயூர் விஹாரை ஒட்டிய குடிசைப் பகுதியில் இருக்கிறாள், நாலைந்து வீட்டில் சமையல். அதில் ஒன்று என் மகன் ஜோயலின் வீடு. அவனுக்கு நொய்டாவில் வேலை, துவாரகாவிலிருந்து போய்வர அரை நாள் ஆகிறது என்று மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட் எடுத்திருந்தான். கூட வேலை பார்க்கும் நண்பரோடு தங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தான். பிள்ளை ரொட்டியும் ராஜ்மாவும் தின்று இளைத்துப்போவானே என்று ஹெலன்தான் ஸ்டெல்லாவை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

"அய்யா, ஒரு சந்தேகம்" என்றாள் ஸ்டெல்லா. "இந்த ஏழாவது யாரைப் பத்தி எழுதியிருக்கு?"

"யாரையும் பத்தி இல்லம்மா. எல்லாருக்கும் பொது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவள் உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே வண்ணக் கண்ணாடியில் மாலை வெயில் பட்டு அவள் சேலையில் சிவப்பும் நீலமுமாக விழுந்துகொண்டிருந்தது. "பெரிய வீட்டுப் பிள்ளைங்களுக்குமா அய்யா?" என்று இன்னொரு தரம் கேட்டாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சட்டத்தில் பெரிய வீடு சின்ன வீடு கிடையாது என்று நான் விறைப்பாகச் சொன்னேன். "சரிங்கய்யா" என்று உட்கார்ந்தாள். விதி நிறைவேறியது. முதல் ஆளாகக் கை தூக்கியவர் கிறிஸ்டோபர்.

அடுத்த மாதம் உறுப்பினர் படிவம் கொடுத்தோம். திருமண நிலை என்று ஒரு இடம். கிறிஸ்டோபர் 'திருமணமானவர்' என்று அழகாக எழுதி, கல்யாணச் சான்றின் நகலையும் குத்திக் கொடுத்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் வீட்டுப் படிவங்களை நானே நிரப்பினேன். ஜோயலுக்குத் 'திருமணமாகாதவர்' என்று எழுதி நீட்டினேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். "என்னல, கையெழுத்து மறந்துபோச்சா?" என்று கிண்டல் செய்தேன். போட்டுவிட்டான்.

ஸ்டெல்லாவின் படிவத்தையும் அவள் வீட்டுக்காரர் தேவராஜின் படிவத்தையும் சபைச் செயலாளர் சாலமோன் கேட்டுக் கேட்டு எழுதினார். தேவராஜ் பெயின்டர். ஞாயிறுதோறும் இரண்டரைக்கே வந்து இந்திக்காரர்கள் கலைத்துப்போட்ட நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். திருமணம் ஆனதா என்று சாலமோன் கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். ஸ்டெல்லாவை விட்டுவிட்டுப் போன புருஷன் எங்கோ இருக்கிறான். விவாகரத்துக்கு ஊருக்கும் கோர்ட்டுக்கும் நடக்க அவளால் முடியவில்லை. பதினெட்டு வருடமாக தேவராஜோடு இருக்கிறாள். நன்னிலைப் பட்டியலில் இருந்து இரண்டு பெயரும் நீங்கின. சாலமோன் என்னிடம் போனில் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. விதி என்றால் விதிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். தேவராஜ் அடுத்த ஞாயிறும் வந்து நாற்காலி போட்டார்.

போன வருடம் ஜனவரியில் ஒரு காலை. ஜன்னலுக்கு வெளியே எதிர் வீடு இல்லை, தெரு இல்லை, வெள்ளைப் பனிமூட்டம் மட்டும். ஏழரை மணிக்கு போன் வந்தது. தேவராஜ் அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். மத்தியானம் இரண்டு மணிக்குள் கல்லறைத் தோட்டத்தின் அலுவலகத்தில் சபையின் கடிதத்தைக் கொடுத்தால்தான் அன்றைக்கு அடக்கம் செய்ய முடியும். கடிதம் இல்லாவிட்டால் இடம் கிடையாது.

நானும் ஹெலனும் மெட்ரோ பிடித்துப் போனோம். தரைக்கு மேலே ஓடும் இடங்களில் ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை. ரயில் நகர்கிறதா நிற்கிறதா என்றுகூடப் புரியவில்லை. கண்ணை மூடினேன். தாழ்வாரத்தில் தேவராஜ் நடந்து வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு நாற்காலியோடு. ஏழாவது கதவின் முன்னால் நாற்காலியை வைத்துவிட்டு, உட்காராமல் பக்கத்தில் நின்றார். கதவு திறக்கவில்லை. ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலின் சின்ன அறையில் போதகர், சாலமோன், ஸ்டெல்லா மூன்று பேர் இருந்தார்கள். போதகர் இளைஞர், சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் முன்னால் என் பன்னிரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன.

"சார், நன்னிலையில் இல்லாதவங்களுக்குக் கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லன்னு இருக்கே. கடைசியில ஏதாவது வழி விட்டிருப்பீங்கன்னு தேடுனேன்" என்றார் போதகர்.

"இல்ல பாஸ்டர். விடல."

"கமாவக்கூடத் தொடப்படாதுன்னு சார்தான சொன்னிய" என்று சாலமோன் கையைப் பிசைந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. படிவத்துல கல்யாணம் ஆயிட்டுன்னு மாத்தி எழுதிருவோம். யாரு பாக்கப்போறா?"

ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. ஒரு சொல்லை மாற்றினால் போதும், சட்டமும் நிற்கும், மனிதரும் மண்ணுக்குப் போவார், என் பெயரும் கெடாது. நான் தலையாட்டுவதற்குள் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள்.

"வேணாங்கய்யா. அந்த மனுஷன் கடைசிவரைக்கும் பொய் சொல்லல. நாங்க ரெண்டு பேரும் நெசத்தைச் சொல்லித்தான் பேரு போச்சு. செத்த பொறவு அவர் பேர்ல பொய் எழுத வேணாம்."

ஹீட்டர் கம்பி சிவந்து லேசாக முனகிக்கொண்டிருந்தது. பிள்ளைகளே, நம் தொழிலில் நெருக்கடி என்றால் மந்திரி கூப்பிடுவது, மசோதா அன்றைக்கே வேண்டும் என்பது, அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் நெருக்கடியே இல்லை. நீங்கள் எழுதிய வரி மேஜையில் கிடக்க, அதில் அகப்பட்டவர் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பதுதான் நெருக்கடி. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரிக்குச் சமாதானம் சொல்ல ஆயிரம் வழி தெரிந்தவன் நான், அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் மூடிவைத்தேன்.

"பாஸ்டர், உள்ளதை உள்ளபடி எழுதுங்க. இவர் எங்க சபையோட உறுப்பினர்னு எழுதுங்க. நன்னிலை, அது இதுன்னு ஒண்ணும் வேண்டாம். விதியை மீறிட்டீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா, எழுதுனவனே விதி தப்புன்னு சொன்னான்னு சொல்லுங்க. நானும் கீழே கையெழுத்துப் போடுறேன்."

போதகர் உடனே பேனாவை எடுத்தார். அவர் யாராவது சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தார் போலிருக்கிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் சாலமோனும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். போகிற வழியெல்லாம் வாதத்தைத் தயாரித்துக்கொண்டே போனேன். நன்னிலை என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது, மேலே யாரைப் பார்ப்பது. சன்னலுக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு குமாஸ்தா. கடிதத்தை ஒரு தரம் பார்த்தார். "மெம்பர் தா நா? பஸ்" என்று முத்திரையைக் குத்திவிட்டார். உறுப்பினர்தானே, போதும் என்கிறார். அவர்கள் அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்டதே இல்லையாம். அந்த நன்னிலையைக் கேட்டது நான் ஒருவன்தான்.

மூன்று மணிக்கு அடக்கம். மூடுபனி விலகவே இல்லை. ஐந்தடிக்கு அப்பால் சிலுவைகள் பாதி தெரிந்தன, மரங்கள் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்து சேர்ந்தார்கள். நான் முழித்திருக்கிறேனா, பால்கனியில் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்போது ஸ்டெல்லாவை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஜோயல். இன்னொருத்தி, நான் பார்த்திராத ஒரு பெண். நெற்றியில் சின்னப் பொட்டு. ஸ்டெல்லாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண் தன் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள். இப்போது அந்தப் பெண் குளிரில் நடுங்கினாள். ஜோயல் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். யோசித்துச் செய்த மாதிரி இல்லை, வீட்டில் தினமும் செய்கிற மாதிரி செய்தான்.

நான் ஹெலனைப் பார்த்தேன்.

"வித்யா" என்றாள் அவள் மெதுவாக. "மூணு வருஷமாச்சு, ஒரே வீட்லதான். ஒங்களுக்குத்தான் தெரியாது."

மண் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. தாழ்வாரமும் கதவும் கண் முன்னாலேயே இருந்தன. அக்டோபரில் நடக்கவிடாமல் விட்ட இரண்டாவது ஆள் அதோ, மூடுபனிக்குள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு சட்டையோடு குளிரில் நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. திட்ட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. என் மப்ளரை எடுத்து அவன் கழுத்தில் சுற்றினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் அதை எடுக்கவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். வித்யா டீ போட்டுக் கொடுத்தாள். "அங்கிள், சக்கரை... அது... கம்மியா, ஜாஸ்தியா?" என்று அவளுடைய டெல்லித் தமிழில் தட்டுத் தடுமாறிக் கேட்டாள். ஃபிரிட்ஜின் மேல் ஸ்டெல்லாவுக்கு எழுதி ஒட்டிய மளிகைச் சீட்டு இருந்தது. ஸ்டெல்லாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது, கடைக்காரரிடம் நீட்டுவதற்காக எழுதியது. பருப்பு, புளி, வெந்தயம். எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். சாய்வான அந்தக் கையெழுத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், பெயரில்லாத ஒரு சீட்டில்.

"ஸ்டெல்லா ஆன்ட்டி சொன்னாங்க, நான் எழுதினேன். பேர் போட வேண்டாம்னு அவங்கதான் சொன்னாங்க" என்றாள் வித்யா.

சமையலறையில் ஸ்டெல்லா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். போய் வாசலில் நின்றேன். கேட்கக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன்.

"அன்னைக்குப் பொதுச்சபையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த விதியே வந்திருக்காது. உன் மகனைப் பாருய்யான்னு சொல்லியிருக்கலாமே. ஏம்மா சொல்லல?"

அவள் குழாயை மூடினாள். "அதுக்குத்தானே அய்யா எழுந்து கேட்டேன். தம்பி மாட்டிக்குமேன்னு பயந்து, பெரிய வீட்டுப் பிள்ளைக்குமான்னு கேட்டேன். நீங்க எல்லாருக்கும்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல சொன்னா, சபையில இருந்து தள்ளறதுக்கு முன்னாடி நீங்களே வீட்ட விட்டுத் தள்ளிருவீங்க. எங்களுக்கு என்ன அய்யா, நாங்க கதவோரமே உக்காந்து பழகினவங்க. தம்பிக்குத் தாங்காது."

அவளுடைய கேள்வியை நான் அவளுக்கான கேள்வி என்றே மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தவர்களோடு சேர்ந்து உள்ளுக்குள் நானும் கொஞ்சம் சிரித்திருந்தேன். இப்போது அந்தச் சமையலறை வாசலில் நின்று அழுதேன். என் வயதில் அழுவது அழகாக இருக்காது. ஸ்டெல்லா மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரியில் பொதுச்சபையை மறுபடி கூட்டச் சொன்னேன். ஏழாவது விதியை நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். கிறிஸ்டோபர் எழுந்து, ஒழுக்கத்தில் கை வைத்தால் சபை என்ன ஆகும் என்று ரொம்ப நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். ஒழுக்கம் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. கல்யாணத்தைப் பற்றி என் அபிப்பிராயம் இன்றைக்கும் மாறவில்லை, அதை என் மகனிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவருடைய வீட்டுக்குள் போய்க் கேட்க வேண்டியதை வாசலில் நின்று எழுதி ஒட்டிவிட்டேன், அதுதான் தப்பு.

இதையெல்லாம் அங்கே விளக்கவில்லை. விளக்கினால் வாதம் ஆகிவிடும், வாதத்தில் கிறிஸ்டோபர் கெட்டிக்காரர். முந்தின நாளே ஜோயலைக் கேட்டிருந்தேன். "படிங்கப்பா" என்றிருந்தான். அவனும் வித்யாவும் அன்றைக்கு வந்திருந்தார்கள். முன்வரிசைக்கு வரவில்லை. கதவோரம், ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மறுபக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, யாரும் அதில் உட்காரவில்லை.

நான் எழுந்து, என் சட்டத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஏழாவது விதியை வாசித்தேன். 'எந்த உறுப்பினரும்' என்று இருந்த இடத்தில் மட்டும் வேறு படித்தேன்.

"திருமணம் செய்துகொள்ளாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழும் என் மகன் ஜோயல் நன்னிலை உறுப்பினர் அல்லர்."